முப்பத்திருவரும் ஜோவும்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் ரெக்சாஸ் மாநிலத்திலே கொன்சாலெஸ் என்றொரு சிற்றூர் உண்டு. அவ்வூர் நினைவு அருங்காட்சியகத்தின் முன்றலிலே, நீண்டதொரு நீர்த்தடாகத்தை அடுத்து, முப்பத்திரண்டு பேரின் பெயர்களைத் தாங்கிய நினைவுச்சின்னம் ஒன்று நிற்கின்றது. 1936ஆம் ஆண்டு, ரெக்சாஸ் தன் சுதந்திரப் பிரகடனத்தின் நூற்றாண்டைக் கொண்டாடிய வேளையில் எழுந்த பல சின்னங்களுள் இதுவும் ஒன்று. அங்கே பொறிக்கப்பட்ட பெயர்களுக்குரியோர் அரசருமல்லர், புகழ்பெற்ற தளபதிகளுமல்லர். பெரும்பாலும் கமக்காரர், சிறு தொழிலாளர், பிள்ளை குட்டிக்காரர். 1836ஆம் ஆண்டு மார்ச் முதலாந் திகதி விடியுமுன், முற்றுகையிடப்பட்டிருந்த அலமோக் கோட்டைக்குள் எதிரியின் காவலைக் கடந்து புகுந்து, ஐந்து நாட்களின் பின் அங்கேயே மாண்டவர்கள். 'இறவாத முப்பத்திருவர்' என்பது அவர்களுக்கு அவ்வூரார் சூட்டிய பெயர்.

இத்தகைய கல்லின் முன் ஒரு மனிதன் யாது செய்தல் வேண்டும்? தலை வணங்குவதா? எதற்கு வணங்குவது? அவர்தம் துணிவுக்கா, அன்றி அத்துணிவு எதற்காகச் செலவிடப்பட்டதோ அதற்கா? இவ்விரண்டையும் பிரித்தல் இயலுமா? இவ்வினா ரெக்சாசுக்கு மட்டும் உரியதன்று. போரிலே மாண்டவர்க்குக் கல் நாட்டும் வழக்கம் உள்ள எவ்வினத்தாரும் ஒருநாள் இதற்கு முகங்கொடுத்தே தீரவேண்டும். ஆயினும், வினாவைப் பொதுவாக எழுப்பினால் விடையும் பொதுவானதாய், எவருக்கும் நோவு தராததாய் முடிந்துவிடும். ஆதலின் இம்முப்பத்திருவரையே விடாது பற்றி நோக்குவோம்.

நடந்தது இது. ரெக்சாஸ் அந்நாளில் மெக்சிக்கோவின் ஒரு பகுதி. அங்கு குடியேற வந்த அமெரிக்கக் குடும்பங்களுக்கு மெக்சிக்க அரசு தாராளமாகக் காணி வழங்கியது. கால்நடையும் பயிரும் வளர்க்க முன்வந்த குடும்பம் ஒன்றுக்கு ஏறத்தாழ 4,600 ஏக்கர். கொன்சாலெஸ் 1825இல் இவ்வாறு தோன்றிய ஊரே. சந்தா அன்னா என்னும் தளபதி மெக்சிக்கோவின் ஆட்சியைத் தன் கையிற் குவித்து, 1824ஆம் ஆண்டின் கூட்டாட்சி யாப்பைக் குலைத்தபோது பல மாநிலங்கள் எதிர்த்தெழுந்தன. சக்காத்தேக்காஸ் மாநிலத்தின் எழுச்சியை அவர் 1835இல் ஈவிரக்கமின்றி நசுக்கினார். அவ்வாண்டு ஒக்ரோபர் 2ஆந் திகதி ரெக்சாஸ் எழுச்சியின் முதல் வெடி கொன்சாலெஸ் அருகிலேயே வெடித்தது. செவ்விந்தியரிடமிருந்து தம்மைக் காத்துக்கொள்ளவென அரசு முன்பு கொடுத்திருந்த சிறு பீரங்கி ஒன்றை மீளக் கேட்டபோது ஊரார் கொடுக்க மறுத்தனர். அந்தப் பீரங்கி யாரைக் குறிவைத்துக் கொடுக்கப்பட்டது, அந்நிலம் அதற்கு முன் யாருடையதாயிருந்தது என்ற வினாக்களை ஒரு புறம் வைத்துத்தான் இக்கதை வழக்கமாகத் தொடங்கப்படுகின்றது.

1836 பெப்ரவரி 23ஆந் திகதி சந்தா அன்னாவின் படை சான் அந்தோனியோவை அடைந்தது. அங்கிருந்த பழைய கத்தோலிக்க மிசன் ஒன்றே அலமோ. அதனுள் ஒடுங்கியவர்களுக்குத் தலைமை தாங்கியவர் இருபத்தாறு வயதான வில்லியம் திரவிஸ். மறுநாள் அவர் உதவி கோரி எழுதிய கடிதத்தைச் சுமந்து கோட்டையை விட்டு வெளியேறியவர் கொன்சாலெஸ்வாசியான அல்பேர்ட் மார்ட்டின். அது முதலில் வந்து சேர்ந்ததும் கொன்சாலெசுக்கே. எழுபது மைல் தொலைவு. கோட்டையினுள்ளே பீரங்கிக்குப் பொறுப்பாயிருந்த அல்மரோன் டிக்கின்சனும் அவ்வூரவர். அவருடைய மனைவி சூசன்னாவும் கைக்குழந்தையும் அவரோடு உள்ளே இருந்தனர். ஆகவே, அக்கடிதம் 'ரெக்சாஸ் மக்களுக்கும் உலகிலுள்ள எல்லா அமெரிக்கருக்கும்' என முகவரி இடப்பட்டிருப்பினும், கொன்சாலெஸ் மக்களுக்கு அது தெரிந்த முகங்களிடமிருந்து வந்த கூக்குரலாகவே கேட்டிருக்கும்.

அவர்கள் புறப்பட்டனர். தலைவராய்ச் சென்ற ஜோர்ஜ் கிம்பிள் தொப்பி செய்யும் தொழிலினர். அவருடைய மனைவி கருவுற்றிருந்தார். ஐசக் மில்சாப்ஸ் கண்பார்வையற்ற மனைவியையும் பிள்ளைகளையும் விட்டுச் சென்றார். வில்லியம் கிங் பதினைந்து வயதுச் சிறுவன். தந்தை வீட்டில் இருக்கவேண்டிய தேவையைச் சொல்லித் தந்தைக்குப் பதிலாகத் தானே குதிரையேறினான் என்பர். தோமஸ் மில்லர் என்பவரும், அவரிடமிருந்து மணவிலக்குப் பெற்ற பெண்ணைப் பின்னர் மணந்த ஜோன் கெலொக்கும் ஒரே அணியிற் சென்று ஒரே இடத்தில் மாண்டனர். சிற்றூரின் உட்பகைகளையும் மனக்கசப்புகளையும் அறிந்தவர்க்கு இச்செய்தி வீர வசனங்கள் பலவற்றினும் கூடுதலாக ஏதோ சொல்லும். கோலியாட்டிலிருந்து உதவிக்குப் புறப்பட்ட, இவர்களிலும் பன்மடங்கு பெரிய படையொன்று வண்டிகள் பழுதுற்றதும் வழியிலேயே திரும்பிவிட்டது. இவர்கள் திரும்பவில்லை.

மார்ச் 6ஆந் திகதி அதிகாலையிற் கோட்டை வீழ்ந்தது. பிணங்களை அடுக்கி எரித்தனர். 13ஆந் திகதி சூசன்னா டிக்கின்சன் குழந்தையோடு கொன்சாலெசை அடைந்து செய்தி சொன்னார். அன்றிரவே, பின்வாங்க முடிவுசெய்த ரெக்சாஸ் தளபதி சாம் ஹூஸ்ரன் ஊரை எரிக்கக் கட்டளையிட்டார். கணவரைப் பறிகொடுத்த செய்தியைக் கேட்ட அதே இரவில், அப்பெண்கள் தம் வீடுகள் எரிவதைப் பின்னே விட்டு, பிள்ளைகளை இழுத்துக்கொண்டு கிழக்கு நோக்கி நடந்தனர். கிம்பிளின் மனைவி அவ்வாண்டு யூன் மாதத்தில் இரட்டைக் குழந்தைகளைப் பெற்றார்.

இவ்வளவையும் வாசித்தபின் 'இவர்கள் வீரரல்லர்' எனக் கூற நமக்கு நா எழவில்லை. எழவும் கூடாது.

ஆயின், இதற்கு மறுபக்கம் உண்டு. மெக்சிக்கோ 1829இல் அடிமை முறையை ஒழித்தது. அக்கட்டளையைப் பிறப்பித்த சனாதிபதி விசென்தே கெரேரோ ஆபிரிக்க, இந்திய இரத்தக் கலப்புடையவர். ரெக்சாஸ் குடியேறிகளின் நெருக்குதலால் அவர்களுக்கு மட்டும் விலக்களிக்கப்பட்டது. ஆயினும் அவ்விலக்கு எந்நாளும் நிலைக்குமென்று அவர்கள் நம்பவில்லை. பருத்தி விளைவித்தவர்களுக்கு அடிமையின்றிப் பருத்தியில்லை. அலமோவின் மற்றொரு தலைவரான ஜேம்ஸ் போவி தம் இளமைக் காலத்தில் ஆபிரிக்கரைக் கள்ளமாகக் கடத்தி விற்றுப் பொருளீட்டியவர். முப்பத்திருவர் கோட்டைக்குள் இருந்த மார்ச் 2ஆந் திகதி ரெக்சாஸ் தன் சுதந்திரத்தைப் பிரகடனம் செய்தது. அவர்கள் மாண்ட பதினைந்து நாட்களுக்குள் ஏற்கப்பட்ட அரசியல் யாப்பு, அடிமைகள் அடிமைகளாகவே இருப்பரென்றும், அவர்களை விடுவிக்கக் கொங்கிரசுக்கே அதிகாரமில்லையென்றும், கொங்கிரசின் இசைவின்றி சுதந்திரமான கறுப்பர் எவரும் அந்நாட்டில் நிலையாய் வாழலாகாதென்றும் விதித்தது. ஆபிரிக்க வழியினர்க்கும் செவ்விந்தியர்க்கும் குடியுரிமை மறுக்கப்பட்டது. சுதந்திரம் என்ற சொல்லை இவ்வளவு ஒடுக்கமாகத் தைத்த சட்டம் உலகில் அதிகமில்லை.

'அந்தக் கால மக்களை இந்தக் கால அளவுகோலால் அளக்கலாமா?' என்று கேட்பர். இது வழக்கமான கேள்வி. பெரும்பாலும் உரையாடலை முடித்துவைக்கவே கேட்கப்படுவது. நாம் இந்தக் கால அளவுகோலைத் தேடிப் போகவேண்டிய தேவையே இல்லை. அடிமை முறையை எதிர்த்த பெஞ்சமின் லண்டி, சுதந்திரமான கறுப்பர்க்கு ஒரு குடியேற்றம் அமைக்க ரெக்சாசுக்கு நேரிற் சென்று அலைந்தவர்; இந்த எழுச்சி அடிமை உடைமையாளரின் காரியமென 1836இலேயே நூலெழுதி வெளியிட்டார். முன்னாட் சனாதிபதியான ஜோன் குவின்சி அடம்ஸ் அதே ஆண்டு அமெரிக்கக் கொங்கிரசில் அதனை எடுத்துரைத்தார். அக்காலத்தவரே அக்காலத்தை அளந்துவிட்டனர். அன்றியும் அடிமைகளும் அக்காலத்தவரே. அவர்களுடைய அளவுகோல் யாதென எவரும் கேட்கவில்லை.

இங்கு இரண்டு எளிய விடைகள் நம்முன் வந்து நிற்கின்றன. துணிவு துணிவே, நோக்கம் எதுவாயினும் வணங்கத் தக்கது என்பது ஒன்று. நோக்கம் தீதாயின் துணிவும் பயனற்றது, கல்லைப் பெயர்த்தெறிக என்பது மற்றது. முன்னையது பழமை பேணுவோர்க்கு வாய்த்தது. பின்னையது நம்மைப் போன்ற முற்போக்காளரின் நாவில் எளிதாக வருவது. இரண்டும் நமக்கு உடன்பாடல்ல.

பிளேட்டோ எழுதிய 'லாக்கெஸ்' என்னும் உரையாடலில் சோக்கிரதீஸ் இரு தளபதிகளிடம் துணிவென்பது யாதெனக் கேட்கின்றார். நின்ற இடத்தை விட்டு ஓடாமற் போரிடுவதே துணிவு என்கிறார் லாக்கெஸ். அது போதாதெனக் காட்டப்பட்டதும், உள்ளத்தின் உறுதியே துணிவு என்கிறார். அறிவற்ற உறுதியும் துணிவாகுமோ என்ற கேள்வி எழுந்ததும் தடுமாறுகிறார். போர்க்களம் கண்ட இருவராலும் விடை கூற இயலாமலே அவ்வுரையாடல் முடிகின்றது. அத்தடுமாற்றத்தை நாம் மதிக்கிறோம். துணிவு தன்னளவில் முழுமையான அறமாக நிற்க வல்லதன்று என்பதும், ஆயினும் அதை ஒன்றுமில்லையென ஒதுக்கவும் இயலாதென்பதும் அத்தளபதிகளின் திணறலிலேயே விளங்குகின்றன.

முப்பத்திருவர் எதற்காகச் சென்றனர்? மார்ச் 2ஆந் திகதிப் பிரகடனத்துக்காக அவர்கள் சென்றிருக்க முடியாது. அவர்கள் கோட்டைக்குட் சென்று அடைபட்ட மறுநாளே அது பிறந்தது. மார்ச் நடுப்பகுதியில் ஏற்கப்பட்ட யாப்பை அவர்களுள் எவரும் கண்ணாற் காணவில்லை. அயலவன் ஆபத்திலிருக்கிறான் என்று அறிந்தார்கள், போனார்கள். தம் காணியையும் நினைத்திருப்பர். சந்தா அன்னாவின் படை அடுத்து வரும் ஊர் தம்முடையதே என்பதையும் அறிந்திருப்பர். இவற்றில் வெட்கப்பட ஏதுமில்லை. ஆனால் அவர்கள் அறிந்து சென்ற காரணம் ஒன்று, அவர்களுடைய சாவு பயன்படுத்தப்பட்ட காரணம் வேறொன்று. இறந்தவர் தம் சாவின் பொருளைத் திருத்தியமைக்க எழுந்து வருவதில்லை. உயிரோடிருப்பவர் அதை எடுத்துத் தமக்கு வேண்டியவாறு வளைத்துக்கொள்கின்றனர். அயலவர்க்காகச் சென்ற சாவு அரசுக்காகச் சென்ற சாவாக மாற்றப்படும் இடம் பெரும்பாலும் நினைவுச்சின்னமே.

1936ஆம் ஆண்டை இங்கு நினைத்துப் பார்த்தல் வேண்டும். அவ்வாண்டில் ரெக்சாசின் கறுப்பு மக்கள், அம்மாநிலத்தில் உண்மையிலேயே பொருளுடைய ஒரேயொரு தேர்தலான ஜனநாயகக் கட்சியின் முதனிலைத் தேர்தலில் வாக்களிக்க இயலாதிருந்தனர். அதற்கு முந்திய ஆண்டிலேயே அமெரிக்க உயர் நீதிமன்றம் அவ்விலக்கைச் சரியெனத் தீர்த்திருந்தது. 1944இற்றான் அது நீங்கிற்று. நூறாண்டுச் சுதந்திரத்தைக் கொண்டாடிய கற்களெல்லாம் அந்நிலையில் நாட்டப்பட்டவையே. அவற்றில் எழுதப்பட்ட பெயர்கள் 1836க்குரியவை. அவற்றை எழுதுவித்த கையோ 1936க்குரியது. கல்லின் முன் நிற்பவர் இவ்விரண்டையும் ஒருசேரப் படித்தல் வேண்டும்.

அவ்வாறு படிப்பதற்கு இன்றும் எதிர்ப்புண்டு. 2021இல், அலமோ வரலாற்றில் அடிமை முறையின் இடத்தை எடுத்துக்காட்டிய நூலொன்றைப் பற்றி ரெக்சாஸ் அரச அருங்காட்சியகத்தில் நடக்கவிருந்த உரையாடல், தொடங்குவதற்குச் சில மணி நேரத்திற்கு முன் இரத்துச் செய்யப்பட்டது. மாநிலத்தின் துணை ஆளுநரே அதைத் தம் செயலெனப் பெருமையாகக் கூறினார். ஒரு நூலைப் பற்றிப் பேசினால் மாண்டவரின் வீரம் குறைந்துவிடுமென அஞ்சுவோர், அவ்வீரத்தின்மேல் எவ்வளவு சிறிய நம்பிக்கை வைத்திருக்கின்றனர்!

நாம் மேலும் ஒன்றை நோக்குதல் வேண்டும். 'தொண்டர்' என்ற சொல்லே அது. தானாக முன்வந்தவர் என்பது அதன் பொருள். அலமோவின் சுவருக்கு உள்ளும் புறமும் மூவகை மனிதர் இருந்தனர். முன்வந்தவர் ஒருவகை. சுவருக்கு வெளியே நின்ற மெக்சிக்கப் படையாளரிற் பலர் வற்புறுத்திப் பிடித்துச் சேர்க்கப்பட்ட ஏழைகள். வெப்பமான யுக்கத்தான் பகுதியிலிருந்து கொண்டுவரப்பட்ட மாயா இந்தியர் வட திசையின் மாரிக் குளிரில் வழியெல்லாம் நலிந்து வந்தனர். அவர்களுள் நூற்றுக்கணக்கானோர் மாண்டும் காயமுற்றும் வீழ்ந்தனர். இடுகாட்டில் இடம் போதாமையால் சிலருடைய உடல்களை ஆற்றில் எறியச் செய்ததாக அவ்வூர் நகரத் தலைவரின் வாக்குமூலம் உண்டு. அவர்களுக்குத் தாமாக முன்வரும் உரிமை இருந்ததில்லை. ஆகவே 'தொண்டர்' என்ற பெயரும் கிடைக்கவில்லை, கல்லும் கிடைக்கவில்லை. உயிரைக் கொடுக்கத் தானே முன்வருவதற்குக்கூட ஒருவனுக்கு முதலில் அவ்வுயிர் சொந்தமாயிருத்தல் வேண்டும்.

மூன்றாம் வகையினர் ஜோவைப் போன்றவர். ஜோ, திரவிசின் அடிமை. இருபது வயதைச் சிறிது கடந்தவர். (அடிமை என்று எழுதியவுடன் 'அவன்' என்று தொடரவே தமிழிற் பேனா முந்துகின்றது. திரவிஸ் 'அவர்' ஆயின், ஜோவும் 'அவர்' தாம்.) மார்ச் 6ஆந் திகதி விடியலில் தம் எசமானைத் தொடர்ந்து மதிலருகே ஓடித் தாமும் துப்பாக்கி பிடித்துச் சுட்டார். திரவிஸ் வீழ்ந்தபின் பின்வாங்கி ஒளிந்தார். மெக்சிக்கப் படையினர் கண்டுபிடித்து, காயமுற்ற அவரை உயிரோடு விட்டனர். சூசன்னா டிக்கின்சன் கொன்சாலெசை அடைந்தபோது ஜோவும் உடன் வந்தார். மார்ச் 20ஆந் திகதி ரெக்சாசின் புதிய அமைச்சரவையின் முன் நின்று கோட்டை வீழ்ந்த வரலாற்றைக் கூறினார். அதைக் கேட்டிருந்த ஒருவர் தம் நாட்குறிப்பில், ஜோ அடக்கத்தோடும் ஒளிவுமறைவின்றியும், அவருடைய வகுப்பினர்க்கு வியக்கத்தக்க தெளிவோடும் பேசினாரெனக் குறித்துள்ளார். பாராட்டும் பழிப்பும் ஒரே வரியில்! திரவிஸ் எவ்வாறு மாண்டார் என்று ரெக்சாஸ் பெருமையோடு சொல்வதற்கெல்லாம் மூல சாட்சியம் ஜோவின் நாவிலிருந்தே வந்தது.

சாட்சியம் கேட்டு முடிந்ததும் அவரை என்ன செய்தார்கள்? திரவிசின் சொத்துக்களோடு சேர்த்து மீண்டும் ஒப்படைத்தார்கள். ஏனெனில் அவர் சொத்து. கோட்டையின் மதிலில் நின்று வெடி சுட்ட ஒருவர், அக்கோட்டையின் பெயரால் வென்ற நாட்டிலே, இறந்தவருடைய குதிரை, மரச் சாமான்களின் நிரையில் எண்ணப்பட்டார்.

சுவருக்குள்ளே நின்ற மெக்சிக்க வழியினரின் கதியும் பெரிதும் வேறன்று. கிரகோரியோ எஸ்பார்சா கோட்டையினுள் மாண்டார். அவருடைய தமையனோ தம்பியோ எதிர்ப்படையிற் சேவித்தமையால் அவருடலுக்கு மட்டும் அடக்கம் கிடைத்தது. தூது சென்றமையால் உயிர் தப்பிய ஹுவான் செகீன், 1837இல் அலமோவில் எரிந்த சாம்பலைத் திரட்டி மரியாதையுடன் அடக்கம் செய்தவர். அவரே 1842இல், புதிதாய் வந்த வெள்ளையரின் பகையினால், சான் அந்தோனியோ நகரத் தலைவர் பதவியை விட்டு மெக்சிக்கோவுக்கு ஓட நேர்ந்தது.

ஆகவே நமது விடை யாது? முப்பத்திருவரின் பெயர்கள் நிற்கட்டும். மில்சாப்சின் பார்வையற்ற மனைவியை நினைக்கும் எவரும் அப்பெயர்களை அழிக்க உளங்கொள்ளார். ஆனால் அவர்கள் அறியாத ஓர் யாப்பை அவர்தம் தோளில் ஏற்றி வைக்கும் உரிமை எவர்க்குமில்லை. அந்த யாப்பு யாரை விலங்கிட்டது என்பதை மறைக்க அவர்தம் சாவைத் திரையாகப் பிடிக்கும் உரிமையும் இல்லை. அவர்களை வணங்குவதென்பது அவர்கள் செய்ததை உள்ளவாறு அறிவதாயின், அவர்கள் யாருடன் ஒரே சுவருக்குள் நின்றார்கள் என்பதையும் அறிதல் வேண்டும். ஜோவின் பெயரை அவர்தம் பெயர்களோடு சேர்த்து எழுதினாற் போதுமென நாம் சொல்லவில்லை. அவர் தொண்டரல்லர்; அவரைத் தொண்டராக்கிப் பொறிப்பது மற்றொரு பொய்யாகும். தமக்குச் சொந்தமில்லாத உயிரோடு அவர் அங்கே நின்றார் என்பதையே ஒரு கல் சொல்லவேண்டும். சொல்லும்போது முப்பத்திருவரின் கல் எதையும் இழக்கப் போவதில்லை. இழப்பது, அக்கல்லை வைத்துப் பேசிவந்தவர்களின் பேச்சே.

ஜோவோ எவரும் தமக்குக் கல் நாட்டும்வரை காத்திருக்கவில்லை. 1837 ஏப்பிரல் 21ஆந் திகதி, ரெக்சாசுக்கு விடுதலை ஈட்டித் தந்த சான் ஜசிந்தோப் போரின் முதலாம் ஆண்டு நிறைவு நாளன்று, பெயரறியப்படாத மெக்சிக்கர் ஒருவருடன், சேணம் பூட்டிய இரு குதிரைகளையும் எடுத்துக்கொண்டு அவர் தப்பியோடினார். அவரைப் பிடித்துத் தருவோருக்கு ஐம்பது டொலர் வெகுமதியென, திரவிசின் சொத்துக்களுக்குப் பொறுப்பாயிருந்தவர் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார். மே மாதம் 26ஆந் திகதி தொடங்கிய அவ்விளம்பரம் மூன்று மாத காலம் வெளிவந்து, ஓகஸ்ட் இறுதியில் நின்றுவிட்டது. அந்த ஐம்பது டொலரை எவரும் பெற்றுக்கொள்ளவில்லைப் போலும்.